காந்தம் விட்டுப்போகும் சூடு

கடாரம் என்றால் நம்மில் பெரும்பாலோருக்குக் கப்பல்தான் ஞாபகத்துக்கு வரும். 1025இல் ராஜேந்திர சோழன் அனுப்பிய கடற்படை, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வரிசையாக வரும் ஊர்ப்பெயர்கள், அவற்றில் ஒன்றாக நம்ம ஊர். கெடாவில் தமிழ்ப்பள்ளிக்குப் போன யாரும் இந்தக் கதையைப் பத்து மேடையிலாவது கேட்டிருப்போம். கேட்கும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்யும்.

எனக்குள்ள ஆர்வம் அதே கடாரத்தின் இன்னொரு பக்கத்தில். அந்தப் பக்கத்தில் மெய்க்கீர்த்தி கிடையாது. உலையும் துருத்தியும் சாம்பலும்தான் உண்டு.

பீடோங்கிலிருந்து மெர்போக் போகும் வழியில், செம்பனைக்கு நடுவே இருக்கிறது சுங்கை பத்து. 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், மொக்தார் சைடின் தலைமையில், அங்கே தோண்டினார்கள். படகுத்துறையின் எச்சங்களும் செங்கல் கட்டுமானங்களும் கிடைத்தன. அவற்றோடு இரும்பு உருக்கிய இடங்களும் கிடைத்தன. உலைக்குள் காற்றைச் செலுத்தும் களிமண் ஊதுகுழாய்கள் குவியல் குவியலாகக் கிடந்தன. அந்த இடத்தின் வயது எவ்வளவு என்பதில் அறிஞர்களிடையே வாதம் இருக்கிறது. கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது என்று சிலர் கொண்டுபோகிறார்கள், அத்தனை பழசா என்று சிலர் கேட்கிறார்கள். எப்படிக் கணக்குப் போட்டாலும் ராஜேந்திரனின் கப்பல் வருவதற்கு முன்பே இந்த மண்ணில் இரும்பு உருகிக்கொண்டிருந்தது.

'உருகியது' என்பதுகூட முழுசாகச் சரியில்லை. அந்தக் காலத்து உலையில் இரும்பு தண்ணீராக ஓடாது. கரியின் வேகத்தில் கல்லிலிருந்து பிரிந்து, கசடோடு சேர்ந்து, பஞ்சுபோன்ற கட்டியாக அடியில் தங்கும். அதை வெளியே இழுத்து, சூடு ஆறுமுன் அடித்து அடித்துக் கசடைப் பிழிந்தெடுக்க வேண்டும். குழாயைச் செய்தவர், துருத்தி மிதித்தவர், கட்டியை அடித்தவர் யாருடைய பெயரும் நமக்கு இல்லை. அவர்கள் என்ன பாஷை பேசினார்கள் என்றும் தெரியாது. அதனால் "அது நம்ம ஆளுங்க" என்று கொடி நட நான் வரவில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் இருக்கிறது. 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே தோண்டியபோதும் உலைகள் கிடைத்தன. பிற்காலத்தில் சேலம் பக்கத்தில் எஃகு செய்த முறையை வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். சின்ன இரும்புத் துண்டைக் களிமண் மூசைக்குள் போட்டு, காய்ந்த ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் சேர்த்து, வாயை மண்ணால் மூடிவிடுவார்கள். மூசையை உலையில் வைத்து மணிக்கணக்காக ஊதுவார்கள். செடியிலுள்ள கரி இரும்புக்குள் ஏறும். உள்ளே நடப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. உலையின் நிறம், மூசையைக் குலுக்கினால் வரும் சத்தம், இத்தனையாவது நாழிகை என்ற பழக்கம், இவைதான் அளவுகோல். ஆறிய பிறகு மூசையை உடைத்தால் ஓர் எஃகுக் கட்டி.

அந்தக் கட்டிகளில் சில 1794இல் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் போயின. மறு வருடம் ஜார்ஜ் பியர்சன் என்ற மருத்துவர் அவற்றைச் சோதித்து ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை எழுதினார். அதில் அந்த எஃகுக்கு 'வூட்ஸ்' என்று பெயர். கன்னடத்து 'உக்கு', நம்முடைய 'உருக்கு', இப்படி ஏதோ ஒரு சொல் வாய்மாறி அச்சேறியிருக்க வேண்டும் என்கிறார்கள். பண்டத்துக்கு ஒரு கோணல் பெயராவது கிடைத்தது. செய்த கொல்லனுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

இந்த வூட்ஸ்தான் என்னை மைக்கேல் ஃபாரடேயிடம் கொண்டுபோய் விட்டது. பள்ளிக்கூடத்து அறிவியல் புத்தகத்தில் வருகிற அதே ஃபாரடேதான். அவருடைய அப்பா ஒரு கொல்லர். 1819 வாக்கில் ஃபாரடே, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து நம் எஃகைப் பகுத்துப் பார்த்தார். இதன் உறுதிக்கு அலுமினியம் போன்ற ஏதோ ஒன்று காரணம் என்று நினைத்தார். உண்மையில் பெரிய வேலை செய்தது கரிமம். சுமார் ஒன்றரை சதவிகிதம், ஆவாரங்குச்சி கொடுத்தது. ஃபாரடேயும் ஸ்டோடார்டும் எஃகில் வெள்ளி, பிளாட்டினம் என்று ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்தார்கள். 1823இல் ஸ்டோடார்ட் இறந்தார். சில வருஷங்களில் ஃபாரடே எஃகை விட்டுவிட்டார்.

பிறகு 1831 ஆகஸ்ட் 29. ஆறு அங்குல விட்டமுள்ள ஓர் இரும்பு வளையம். அதன் ஒரு பக்கம் ஒரு செம்புக் கம்பிச்சுருள், மறுபக்கம் இன்னொன்று. ஒன்றில் மின்சாரத்தைப் போட்டபோதும் நிறுத்தியபோதும், ஒட்டே இல்லாத மற்றச் சுருளில் முள் அசைந்தது. மின்தூண்டல் என்று நாம் படித்தது இதைத்தான். நம் எஃகு இந்தக் கண்டுபிடிப்பைப் பெற்றது என்று முடிச்சுப் போட மாட்டேன். ஆனால் மூசை எஃகின் ரகசியம் தேடி, உலையருகே வருஷக்கணக்காக நின்ற ஒரு கொல்லர் மகனின் கையில்தான், பின்னாளில் நெருப்பே இல்லாமல் இரும்பைக் காய்ச்சும் வித்தைக்கும் விதை விழுந்தது. வரலாற்றில் இப்படிச் சில வேடிக்கைகள் உண்டு.

விதை மரமாகக் காலம் பிடித்தது. 1887இல் ஃபெரான்டி இங்கிலாந்தில் தூண்டல் உலைக்குக் காப்புரிமை வாங்கினார். 1900இல் ஸ்வீடனில் செல்லின் அந்த மாதிரி உலையில் எஃகு உருக்கினார். 1916இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் எட்வின் நார்த்ரப், நடுவில் இரும்புக் கரு இல்லாமல் வெறும் சுருளிலேயே அதிவேக மாறுமின்சாரத்தை ஓட்டும் உலையைச் செய்தார். 1930களில் அமெரிக்கக் கார் என்ஜின்களின் கிராங்க் ஷாஃப்டுகளை இந்த முறையில் இறுக்க ஆரம்பித்தார்கள். அடுத்து உலகப் போர் வந்தது, எந்திரம் எங்கும் பரவியது.

அது வேலை செய்யும் விதம் எளிது. செம்புக் குழாயைச் சுருளாக வளைத்து, குழாய் உருகிவிடாமல் உள்ளே தண்ணீர் ஓடவிடுவார்கள். சுருளில் மின்சாரம் விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை திசை மாறும். நடுவே இரும்பை நுழைத்தால், சுருளைத் தொடாமலேயே இரும்புக்குள் மின்சுழல்கள் பிறக்கும். இரும்பு தன் தடையாலேயே தானாகச் சிவக்கும். விநாடிக்கு 10,000 முறை திசை மாறினால் சிவந்த எஃகில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் ஆழம்வரை மின்சாரம் ஓடும். 1,00,000 முறையானால் ஒன்றரை மில்லிமீட்டர்தான். அதாவது, தோலை மட்டும் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கலாம். மேலே கண்ணாடிபோல இறுகிவிடும், உள்ளே வளைந்துகொடுக்கும் பழைய இரும்பு அப்படியே இருக்கும். உலையில் முழுசாக வைத்துக் காய்ச்சினால் இப்படி மேலோட்டமாக நிறுத்துவது கஷ்டம்.

இதையெல்லாம் நான் கற்றது புத்தகத்தில். கண்ணால் பார்த்தது அலோர் ஸ்டாரில், மெர்கோங் தொழிற்பேட்டையில். அம்மாவின் தம்பி அங்கே ஒரு பட்டறையில் வேலை செய்கிறார். 1970களில் மூடா நீர்ப்பாசனம் வந்து இந்த வட்டாரம் இரண்டு போகம் விளைய ஆரம்பித்தது. அறுவடைக்கு எந்திரங்களும் வந்தன. சேற்றிலும் உமியிலும் ஓடுகிற எந்திரத்துக்குத் தேய்மானம் அதிகம். அதன் பின்களும் ஷாஃப்டுகளும் மாமாவின் மேசைக்கு வரும்.

மாமா முதலில் வேலை கற்றது பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், ஆசாரித் தாத்தா ஒருவரின் பட்டறையில். மண்வெட்டி, கத்தி, பால்மரம் சீவும் உளி எல்லாவற்றுக்கும் துவைச்சல் அங்கேதான். தோட்டம் கைமாறிச் செம்பனையானது, லயம் காலியானது, மாமா டவுனுக்கு வந்தார். மெர்கோங்கில் அவர் முன்னால் இருப்பது ஒரு அலமாரி அளவு பெட்டி, ஒரு கால்மிதி, ஒரு செம்புச் சுருள். துருத்தி மிதித்த அதே கால் இப்போது மிதியை அழுத்துகிறது. ஏழெட்டு விநாடியில் ஷாஃப்டின் கழுத்து சிவக்கும், உடனே தண்ணீர் பீய்ச்சும். புகை இல்லை, கரி இல்லை.

"அப்ப தாத்தாகிட்ட கத்துக்கிட்டது எல்லாம் வேஸ்ட்டா மாமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"யார்ரா சொன்னா? தாத்தா பழைய ஸ்பீக்கர்லேர்ந்து காந்தத்தக் கழட்டிக் கம்பியில கட்டி வச்சிருப்பாரு. காய்ஞ்ச இரும்புல வச்சுப் பார்ப்பாரு. ஒட்டிச்சுன்னா இன்னும் ஊது. ஒட்டலன்னா, இன்னும் கொஞ்சமே கொஞ்சம் விட்டு, தண்ணில போடு. இங்க இந்த முள்ளப் பாரு. ஏறிக்கிட்டே வரும், அந்த எடம் வந்ததும் ஒரு ஆட்டம் ஆடும். அதுதான்டா காந்தம் விட்ட எடம். அதுக்கப்புறம் எத்தன விநாடின்னு இந்தக் கைக்குத் தெரியும்."

மாமா சொன்னதை இயற்பியல் அப்படியே ஒப்புக்கொள்கிறது. இரும்பு சுமார் 770 டிகிரி செல்சியஸில் காந்தத் தன்மையை இழக்கிறது. பியேர் கியூரியின் பெயரால் அதைக் கியூரி புள்ளி என்கிறார்கள். அந்த இடத்தைத் தாண்டியதும் சுருளுக்கும் இரும்புக்கும் உள்ள உறவு மாறும், எந்திரம் இழுக்கும் மின்சாரமும் மாறும். சாதாரண எஃகை இறுக்க அதற்கும் மேலே, 850 டிகிரிப் பக்கம் போக வேண்டும். தாத்தாவின் 'இன்னும் கொஞ்சமே கொஞ்சம்' அதுதான். உடைந்த ஸ்பீக்கர் காந்தமும் லட்ச ரூபாய்ப் பெட்டியின் முள்ளும் ஒரே சேதியைத்தான் சொல்கின்றன. சேதி புரிகிற ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஒட்டுகிற வேலையிலும் இதே கதைதான். ரம்பப் பல்லில் கார்பைடு முனையை வைத்து, நடுவே வெள்ளி கலந்த தகடு, மேலே வெங்காரம் சேர்ந்த பசை, சுருளுக்குள் சில விநாடி. தகடு உருகி இடுக்கில் ஓடிப் பிடித்துக்கொள்ளும். நம்ம பத்தர்கள் நகைக்குச் செய்வதும் இதையேதான். பொடி வைத்து, வெங்காரம் தடவி, ஊதுகுழலால் ஊதுவார்கள். 'பொடி வைத்து ஊதுவது' என்று நாம் திட்டிக்கொள்ளும் வழக்கே அவர்கள் பட்டறையிலிருந்து வந்ததுதான். சூடு கொடுக்கும் வழி மாறியிருக்கிறது. எங்கே எவ்வளவு என்ற கணக்கு மாறவில்லை.

மாமாவிடம் ஒரு 555 நோட்டு இருக்கிறது, கடனுக்கு எழுதுகிற அதே சின்ன நோட்டு. எந்த அளவு ஷாஃப்டுக்கு எந்தச் சுருள், எத்தனை விநாடி, எவ்வளவு இடைவெளி என்று தமிழும் மலாயும் கலந்து எழுதியிருக்கிறார். ஒரு பக்கத்தில் 'துவைச்சல் ஏறல, தண்ணி சூடு' என்று இருந்தது. அந்த எண்கள் பட்டறையின் கணினிக்குப் போய்விட்டன. அங்கே அவற்றின் பெயர் 'செட்டிங் 14', 'செட்டிங் 15'. புதிதாக வரும் பையன் எண்ணைத் தட்டினால் போதும், வேலை நடக்கும். புது மாதிரி ஷாஃப்ட் ஒன்று வந்து விரிசல் விட்டால்தான் மாமாவைக் கூப்பிடுவார்கள்.

நாட்டில் எஸ்.கே.எம். திறன் சான்றிதழை வகுப்புக்குப் போகாமலே, முன் அனுபவத்தைக் காட்டி வாங்கும் வழி உண்டு. சொல்லிப் பார்த்தேன். "இந்த வயசுல பேப்பர வச்சு என்னடா செய்யப் போறேன்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கேட்டதற்கு என்னிடம் பதிலும் இல்லை. ஆனால் சுங்கை பத்துக் குழாயைச் செய்தவரும், சேலத்து மூசையை உடைத்தவரும் பேப்பர் இல்லாமல் போனவர்கள்தான்.

பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டியைத் தனியார் நிலத்தில் இடித்துவிட்டார்கள் என்ற சேதி 2013 டிசம்பரில் வந்தபோது நாம் எல்லாரும் கொதித்தோம். கொதித்தது நியாயம். கல் போனால் குறைந்தபட்சம் படமெடுத்துப் போடலாம். ஒரு கையின் கணக்கு போனால் போனதே தெரியாது. நம் தோட்டங்களில் எத்தனை பட்டறைகள் இருந்தன, யார் யார் ஆசாரி, லாரிக்குப் பட்டை அடித்தது யார், ஃபேக்டரி பாய்லரைப் பார்த்துக்கொண்டது யார் என்று நாம் எழுதி வைத்திருப்பது மிகக் கொஞ்சம். தோட்டத்தைப் பற்றி எழுதினால் பால்வாளியும் கங்காணியும் வந்துவிடுகிறார்கள். உலையருகே நின்றவர் வருவதில்லை.

ராஜேந்திரனைப் பற்றி இன்னொரு நாவல் எழுத ஆள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் மாமாவோ சித்தப்பாவோ பிராயிலும் கூலிமிலும் சுங்கை பட்டாணியிலும் ஏதோ ஒரு எந்திரத்தின் முன் நின்றிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பசியாறும்போது அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இரும்பு காய்ந்துவிட்டதென்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று. சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மேலே அவர்கள் பெயரையும் தேதியையும் போடுங்கள். 555 நோட்டு ஒன்று போதும்.