மயில்கொன்றையும் பெயரில்லாதவர்களும்

தண்டலத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு மயில்கொன்றை நிற்கிறது. அதன் இலையில் புழுவைப் பார்க்கும்போதெல்லாம் மரியா சிபில்லா மெரியன் நினைவுக்கு வருகிறார். பூச்சிகள் சேற்றிலிருந்து தாமாகவே பிறக்கின்றன என்று பலர் நம்பிய காலத்தில், முட்டை முதல் சிறகு வரை வளர்த்துப் பார்த்து வரைந்தவர். 1699இல், 52 வயதில், இளைய மகளுடன் சுரிநாமுக்குக் கப்பலேறினார்.

1705இல் வெளிவந்த அவர் நூலில் மயில்கொன்றையும் உண்டு. டச்சுக்காரர்களிடம் அடிமைப்பட்ட பெண்கள், தம் பிள்ளைகளும் அடிமைகளாகக் கூடாதென்று அதன் விதையால் கருவைக் கலைத்தார்கள்; அவர்களே தன்னிடம் சொன்னதாக எழுதுகிறார். சொன்னவர்களின் பெயர்களை எழுதவில்லை.

மெரியனைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. எங்கள் கொல்லைப் பூச்சிகளை எனக்குக் காட்டித் தந்தது ஆயா. கட்டுரை என் பெயரில்தான் வருகிறது.