வடக்கு பிரிந்திருந்தால்: அமெரிக்க அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பிரிவினைக் கோரிக்கை

அடிமைமுறையைக் காக்க அமெரிக்காவின் தென் மாநிலங்கள் பிரிந்தது 1860–61இல். அடிமைமுறையை எதிர்த்துப் பிரிய வேண்டும் என்ற குரல் வடக்கில் அதற்கு முன்பே எழுந்துவிட்டது. 1842இல் மாசசூசெட்ஸின் ஹேவரில் ஊரார் ஒன்றியத்தை அமைதியாகக் கலைத்துவிடும்படி மனு அனுப்பினர். முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் அதைப் பிரதிநிதிகள் சபையில் முன்வைத்தார். அவருக்கு அதில் உடன்பாடில்லை. மக்களின் மனு உரிமைக்காகவே நின்றார். அதற்கே அவர்மீது கண்டனத் தீர்மானம் பாய்ந்தது, ஆனால் நிறைவேறவில்லை.

1844இல் வில்லியம் லாயிட் காரிசனின் அமெரிக்க அடிமை எதிர்ப்புச் சங்கம் பிரிவினையைத் தன் கொள்கையாகவே ஏற்றது. காரிசன் அணியின் வாதம் கூர்மையானது. தப்பியோடும் அடிமையைப் பிடித்துக் கொடுப்பதும் அடிமைகளின் கிளர்ச்சியை ஒடுக்க உதவுவதும் ஒன்றியத்தின் கடமைகளாக இருந்தன. வடக்கு விலகிவிட்டால் அடிமைமுறைக்கு இருந்த அந்தப் பலம் போய்விடும். தப்பியோடுபவர் கனடாவரை போக வேண்டாம், ஒஹாயோ ஆற்றைக் கடந்தாலே போதும்.

இந்த வாதத்துக்கு உணர்ச்சி வேகம் தந்தது 1854. அவ்வாண்டு ஜூன் 2 அன்று அந்தோணி பர்ன்ஸ் என்ற தப்பிய அடிமையை, எசமானரிடம் திருப்பி அனுப்புவதற்காக, துருப்புகள் புடைசூழ, பாஸ்டன் தெருக்கள் வழியே துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். கட்டடங்களில் கறுப்புத் துணி தொங்கியது; ‘சுதந்திரம்’ என்று எழுதிய சவப்பெட்டி ஒன்றும் தெருவின்மேல் தொங்கியது. ஜூலை 4 அன்று ஃபிரேமிங்ஹாம் கூட்டத்தில் காரிசன் அரசியல் சாசனத்தின் பிரதியைக் கொளுத்தினார். 1857 ஜனவரியில் வூஸ்டரில் பிரிவினைக்கென்றே ஒரு மாநாடு கூடியது.

இவை சிறுபான்மையினரின் செயல்கள்தாம். மாசசூசெட்ஸின் லோவல் நகர ஆலைகள் தெற்கின் பருத்தியை நூற்றுக்கொண்டிருந்தபோது வணிகர்கள் பிரிவினையை ஆதரிக்க வழியில்லை. இயக்கத்துக்குள்ளேயே ஃபிரெடரிக் டக்ளஸ் 1851இல் காரிசனிடமிருந்து விலகினார்: ஒன்றியத்தை உடைப்பது அடிமைகளை எசமானர்களிடம் விட்டுவிட்டுப் போவதாகும் என்பது அவர் நிலை. தானே அடிமையாயிருந்து தப்பிவந்தவரின் இந்த மறுப்புக்குக் காரிசன் அணியிடம் முழுமையான பதில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மேடைத் தீர்மானங்களைவிட வடக்கின் விலகலுக்கு வலுவான சான்று நீதிமன்றங்களில்தான் கிடைக்கிறது. தப்பியோடிய அடிமைகள் சட்டம் அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் 1854இல் தீர்ப்பளித்தது. 1859இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியதும், அந்தக் கூட்டாட்சித் தீர்ப்பு செல்லாது என்று விஸ்கான்சின் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. டெக்சஸ் போகும் வழியில் லெமன் என்ற எசமானர் குடும்பம் 1852இல் நியூயார்க்குக்குக் கொண்டுவந்த எட்டு அடிமைகளை அங்குள்ள நீதிமன்றம் விடுவித்தது. மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1860இல் அதை உறுதிசெய்தது. தென் கரோலினா 1860 டிசம்பரில் வெளியிட்ட பிரிவினைப் பிரகடனம் இவற்றையே குற்றமாகச் சாட்டுகிறது. மாநில உரிமைக்காகப் பிரிந்ததாகச் சொல்லப்படும் தெற்கின் முதல் புகார், வட மாநிலங்கள் தம் உரிமையைப் பயன்படுத்தின என்பதே.

1860 தேர்தலில் லிங்கன் தோற்று, தெற்கு பிரியாமல் இருந்திருந்தால் லெமன் வழக்கு தலைமை நீதிபதி டானியின் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கக்கூடும். ட்ரெட் ஸ்காட் என்ற அடிமையின் வழக்கில் 1857இல் அடிமைமுறைக்குச் சாதகமாகத் தீர்ப்பெழுதியவர் அவர். எசமானர்கள் அடிமைகளோடு எந்த மாநிலத்திலும் நடமாடலாம் என்று அந்த மன்றம் சொல்லியிருந்தால், விஸ்கான்சின் எடுத்த நிலைக்கு மாசசூசெட்ஸும் வெர்மான்ட்டும் வந்திருக்கும் என்று கருத இடமிருக்கிறது. அப்போது விலகலைக் கோரியிருக்கக்கூடியவர்கள் காரிசனின் சீடர்கள் அல்ல, மாநிலச் சட்டமன்றங்களே.