கல்நார்க் கூரையும் கிள்ளான் துறைமுகமும்

இன்று போர்ட் கிள்ளான் என வழங்கும் ஊர் 1972ஆம் ஆண்டு வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயரைத் தாங்கியிருந்தது. கண்டல் காடும் சதுப்பும் சூழ்ந்த அம்முகத்துவாரத்தில் 1901ஆம் ஆண்டு செப்டம்பரில் துறைமுகம் திறக்கப்பட்டது. திறந்த சிறிது காலத்திற்குள்ளேயே மலேரியாக் காய்ச்சல் அதனைப் பற்றிக்கொண்டது. மூட்டை சுமந்த தமிழரும் பிறரும், இருப்புப்பாதை ஊழியரும், அலுவலரும் ஒருவர்பின் ஒருவராகப் படுக்கையில் வீழ்ந்தனர். துறைமுகத்தை மூடிவிடும் பேச்சும் எழுந்தது. அப்போது கிள்ளான் மாவட்ட மருத்துவராயிருந்த மால்கம் வாட்சன், பள்ளங்களைத் தூர்த்து, வடிகால் வெட்டி, கொசு பெருகும் இடங்களையே இல்லாமற் செய்யும் பணியை முன்னின்று நடத்தினார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் சேர்த்து 1901இல் காய்ச்சலால் மாண்டோர் 368 பேர். 1902இல் அத்தொகை 59ஆகக் குறைந்தது.

இந்த வரலாற்றில் கருதத்தக்கது அதன் விரைவு. மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டது 1897இல். நான்கே ஆண்டுகளில் அந்த அறிவு மலாயாவின் ஒரு சேற்றுத் துறைக்கு வந்து செயலாயிற்று. தொழிலாளர்பாற் கொண்ட கருணை மட்டுமே அதற்குக் காரணம் என்று எண்ணுதல் பேதைமை. காய்ச்சல் கப்பலை நிறுத்தியது; கப்பல் நின்றதும் கருவூலம் விழித்துக்கொண்டது.

அதே 1901ஆம் ஆண்டில், உலகின் மற்றொரு மூலையில், ஆஸ்திரியாவைச் சேர்ந்த லுட்விக் ஹாட்செக் என்பவர் ஒரு புதுப் பொருளுக்குக் காப்புரிமை பெற்றார். சிமெந்தோடு கல்நாரைக் கலந்து மெல்லிய தகடாக வார்க்கும் முறை அது. கல்நார் என்பது பாறையிலிருந்து எடுக்கப்படும் இழை. நெருப்பில் எரியாது, நீரில் மக்காது. சிமெந்துத் தகட்டில் பத்தில் ஒரு பங்கு அளவிற்கு அதனைச் சேர்த்தாலே தகடு விரிசல் காணாது நிற்கும்.

வெப்ப நாடுகளுக்கு இது வரமெனவே தோன்றியது. அத்தாப்புக் கூரை ஒரு பொறியில் எரிந்துபோகும். தகரமோ நண்பகலில் அடுப்பாகக் காய்வது. மழை பெய்தால் வீட்டுக்குள் பேச்சுக் கேளாது. கடற்காற்றில் சில ஆண்டுகளில் துருவேறி ஓட்டை விழும். கல்நார்ச் சிமெந்துக்கு இக்குறைகள் இல்லை, விலையும் மலிவு. ஆதலின் வீட்டின் உட்கூரை, கிடங்கின் நெளிதகட்டுக் கூரை, மழைநீர்த் தாரை, தண்ணீர்த் தொட்டி, மண்ணுக்கடியில் ஓடும் குடிநீர்க் குழாய் என மலேசியக் கட்டடங்களில் அது பல வடிவில் புகுந்தது. நீராவி எந்திரங்களின் கொதிகலன்களுக்கும் வெப்பக் குழாய்களுக்கும் கல்நாரை மேலுறையாகச் சுற்றுவது அக்காலத்தில் உலகெங்கும் வழக்கமாயிருந்தது.

ஆனால் அப்பொருளின் கொடுமை அறியப்படாத காலமன்று அது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கல்நார் நூற்பாலையில் வேலை செய்த நெல்லி கெர்ஷா என்னும் பெண் 1924இல் தம் முப்பத்து மூன்றாம் வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த மருத்துவர் வில்லியம் குக், அதில் கல்நார்த் துகள் பதிந்து தழும்பேறியிருந்ததைப் பதிவு செய்தார். 1930இல் மெரிவெதர், பிரைஸ் என்னும் இருவர் அரசுக்கு அளித்த அறிக்கையில், சோதிக்கப்பட்ட 363 தொழிலாளருள் 95 பேருக்கு, அதாவது ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு, அந்நோய் கண்டிருந்தது. மறு ஆண்டே, 1931இல், பிரிட்டனில் தூசியைக் கட்டுப்படுத்தும் விதிகள் பிறந்தன. அவையும் ஆலைச் சுவரைத் தாண்டவில்லை என்பது வேறு.

1931இல் சிலாங்கூர் பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்தது. போர்ட் சுவெட்டன்ஹாமில் பிரிட்டிஷ் கப்பல்கள் வந்து போயின. கல்நாரைக் கையாள்வதற்கெனத் தனி விதிகள் மலேசியாவில் நடைமுறைக்கு வந்ததோ 1986இல். அவ்விதிகளே நீலக் கல்நாரைப் பயன்படுத்துவதைத் தடுத்தன. கொசு பற்றிய அறிவு கடல் கடக்க நான்கு ஆண்டு; கல்நார் பற்றிய அறிவு கடக்க ஐம்பத்தைந்து ஆண்டு!

இவ்வேறுபாட்டின் காரணம் நோயின் இயல்பிலேயே இருக்கிறது. கல்நார் எந்தக் கப்பலையும் நிறுத்தவில்லை. கண்ணுக்குப் புலனாகாத இழைகள் மூச்சோடு உள்ளே சென்று தங்கிவிடுகின்றன. இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்தே மூச்சுத் திணறலாகவோ, நுரையீரற் புற்றாகவோ, நுரையீரலைச் சூழ்ந்த சவ்வில் தோன்றும் புற்றாகவோ அது வெளிப்படுகிறது. அதற்குள் வேலை மாறியிருக்கும், முதலாளி மாறியிருப்பார், தொழிலாளி ஓய்வு பெற்றிருப்பார். இருமல் வந்தால் சுருட்டின்மீது பழி விழும். இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல் வழங்கிய தீர்ப்பொன்றில், கல்நார்த் தொழிலாளரின் உடல்நலப் பதிவேடுகளை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது நாற்பது ஆண்டு பாதுகாக்க வேண்டுமெனக் கட்டளையிட்டது இதனை உணர்ந்துதான்.

சவ்வுப் புற்றுக்கும் கல்நாருக்கும் உள்ள உறவை வாக்னர் என்பாரும் உடனாய்ந்தோரும் தென்னாப்பிரிக்காவிலிருந்து 1960இல் நிலைநாட்டினர். 1965இல் லண்டனில் நியூஹவுசும் தாம்சனும் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெஞ்சை உலுக்குவது. ஆலையில் கால் வைத்தறியாத சிலரும் அந்நோய்க்கு இரையாகியிருந்தனர். கணவர் உடுத்து வந்த உடையைத் துவைத்ததன்றி வேறு தொடர்பில்லாத மனைவியர் அவருள் அடங்குவர். துறைமுகத் தொழிலாளரும் தப்பவில்லை. ஆஸ்திரேலியாவின் விட்டனூம் சுரங்கத்து நீலக் கல்நாரைச் சாக்குகளில் சுமந்த பிரிமாண்டில் துறைமுகத்தார் பிற்காலத்தில் அதற்கு விலை கொடுத்தனர்.

முழுத் தடை கோரிப் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் நெடுங்காலமாகக் குரல் கொடுத்து வந்துள்ளது. பல நாடுகள் தடுத்தும்விட்டன. தடை எவ்வாறு தடுமாறும் என்பதற்கு இலங்கையே சான்று. 2018 முதல் கல்நார் இறக்குமதியை நிறுத்த அந்நாடு முடிவு செய்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைச் சரக்கில் வண்டு காணப்பட்டதெனக் கூறி, கல்நார் விற்கும் ரஷ்யா இலங்கைத் தேயிலையை வாங்க மறுத்தது. சில நாட்களில் கல்நார்த் தடை தளர்ந்தது. தேயிலைக்கும் வழி திறந்தது. மலையகத் தமிழர் கிள்ளிய கொழுந்து, கல்நாருக்கு ஈடாக எடையிடப்பட்டது.

இனி, பழைய வீட்டில் கல்நார் உண்டா என்று அறிவது எப்படி? கண்ணால் பார்த்துத் துணிய முடியாது. வெள்ளை, பழுப்பு, நீலம் என மூவகைக் கல்நார் பேசப்பட்டாலும், சிமெந்தில் கலந்து வண்ணமும் பூசிய பின் எல்லாம் ஒன்றே. கல்நார் இல்லாத பிற்காலத் தகடுகளும் அதே தோற்றமுடையவை. கட்டிய ஆண்டு ஒரு குறிப்பு. 1960, 70, 80களின் உட்கூரையும் நெளிதகடும் ஐயத்திற்குரியவை. உறுதி சொல்ல வல்லது ஆய்வுக்கூடத்து நுண்ணோக்காடி ஒன்றே. அதுவரை உண்டு என்று கொள்வதே பாதுகாப்பு.

அச்சமும் அளவோடிருத்தல் வேண்டும். முழுமையாக, உடையாமல், வண்ணப் பூச்சோடிருக்கும் தகடு இழையை எளிதில் விடுவதில்லை. குடிநீர்க் குழாயிலும் நீரைப் பருகுவதைவிட, அக்குழாயை எந்திர வாளால் அறுப்பவர் உள்வாங்கும் தூசியே பெரிதும் அஞ்சத்தக்கது. துளையிடுதல், அறுத்தல், தேய்த்தல், உடைத்தல், பாசி போக்க நீரைப் பீய்ச்சிக் கழுவுதல், காய்ந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்குதல் ஆகிய ஆறுமே நஞ்சைக் காற்றில் ஏற்றுபவை. ஒழுகும் கூரையைச் செப்பனிட விடுமுறை நாளில் ஏணி சாத்தும் வீட்டுக்காரர் இவற்றுள் மூன்றையாவது செய்துவிடுகிறார். பழந்தகடு மனிதர் எடையைத் தாங்காது. அதன்மேல் நடந்து கீழே விழுந்து இறப்போரும் உளர்.

அகற்றியே தீரவேண்டுமெனில் பயிற்சி பெற்றவரிடம் விடுதலே முறை. அவர் முதலில் சிறிது சவர்க்காரம் கரைத்த நீரால் தகட்டை நனைப்பார். ஆணியைக் கழற்றித் தகட்டை முழுதாக எடுப்பார். மேலிருந்து எறியாமல் இறக்குவார். தடித்த பிளாஸ்டிக் உறையில் இருமுறை சுற்றி ஒட்டி, எச்சரிக்கை எழுதுவார். துணி முகமூடி இவ்விழைக்குத் தடையன்று. முகத்தோடு பொருந்தும் நுண்துகள் வடிகட்டி முகமூடியே வேண்டும். தூளும் இழையுமான கல்நார்க் கழிவு மலேசியச் சட்டப்படி 2005 முதல் எஸ்.டபிள்யூ. 201 என்னும் எண்ணிட்ட அட்டவணைக் கழிவு. குப்பை வண்டிக்கு உரியதன்று, ஆற்றோரத்திற்கும் உரியதன்று. வேலை முடிந்ததும் தரையை ஈரத்துணியால் துடைத்து அத்துணியையும் அதே உறையில் இடுவர். உடுத்திய மேலாடையும் அதனுள்ளேயே போகும்; அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பிறர் கையில் துவைக்கக் கொடுப்பதில்லை.