குமுட்டி: உள்ளே கனலும் சொல்

கும்மிடிப்பூண்டியைத் தாண்டி வடக்கே போனால் ஆரம்பாக்கம், அதற்கப்பால் தடா, ஆந்திரம். இந்தப் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் ஒரே ஆள் ஒரே மூச்சில் தமிழும் தெலுங்கும் பேசுவார். கரி போட்டு மூட்டும் சிறிய அடுப்புக்குத் தமிழில் குமுட்டி என்று பெயர். தெலுங்கில் அது கும்ப்பட்டி. அகராதியில் கும்மட்டி என்ற வடிவமும் உண்டு.

கும்மிடிப்பூண்டி என்ற ஊர்ப்பெயரே குமுட்டியிலிருந்து பிறந்தது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கும். சொல்லக் கூடாது. ஒலி ஒத்துப்போவது சான்று ஆகாது. பூண்டி என்ற முடிவோ நீர்த்தேக்கம் இருக்கும் பூண்டி முதல் தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களுக்கு உண்டு. ஊரை விட்டுவிட்டு அடுப்புக்கே வருகிறேன்.

பழைய வாளிக்குள் மண் பூசி, நடுவே இரும்புச் சல்லடை பொருத்தி, அடியில் பக்கவாட்டில் ஒரு வாய் திறந்தால் குமுட்டி தயார். மேலே கரி, கீழே சாம்பல். அந்த வாய்தான் காற்றுக்கு வழி. பனையோலை விசிறியால் அங்கே வீசினால் கனல் சிவக்கும். வாயை அடைத்தால் அடங்கும். அப்பளம் சுடவும் சாம்பிராணி போடத் தணல் எடுக்கவும் இதைவிட வாகான அடுப்பு இல்லை. விறகடுப்பைப் போல் இது கொழுந்துவிட்டு எரியாது. உள்ளே கனன்றுகொண்டே இருக்கும்.

பெயரிலும் அந்தக் குணம் இருக்கிறது. தண்ணீர் போதாமல் சோறு அடியில் கருகுவதைக் கும்புதல் என்கிறோம். சுடுசாம்பலுக்குக் கும்பி என்று பெயர். காற்றோட்டமில்லாத வெக்கையில் உடம்பு குமைகிறது, வெளியே சொல்ல முடியாத துயரத்தில் மனம் குமைகிறது. தெலுங்கில் நீறுபூத்த நெருப்பு கும்மு. மனத்துக்குள் வெந்து மாய்வது குமிலிப்போவது. இவற்றையெல்லாம் ஒரே வேரின் கிளைகளாகவே பார்க்கிறேன். ஒன்றுகூடச் சுடர்விட்டு எரியும் தீயைச் சொல்லவில்லை. எல்லாமே வெளியே போகாமல் உள்ளே நிற்கும் வெப்பம்.

இப்படி உள்ளே நிற்கும் வெப்பத்தால் அறையைச் சூடாக்குவது நமக்கு அந்நியமான வேலை என்று நினைக்க வேண்டாம். நெடுநல்வாடையில் கூதிர்காலத்து மக்கள் அகன்ற வாயுள்ள தடவு என்னும் கனல்சட்டியில் நெருப்பிட்டுக் குளிர்காய்கிறார்கள். காஷ்மீரத்தார் மேலங்கிக்குள் வைத்துக்கொள்ளும் காங்ரியும், 'நெருப்புக் கிண்ணம்' என்றே பொருள்படும் ஜப்பானிய ஹிபாச்சியும் தடவுக்கு உறவு. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: உதகையிலோ கொடைக்கானலிலோ மூடிய அறையில் கரியடுப்பை வைத்துக்கொண்டு ஒருபோதும் தூங்கக் கூடாது. காற்று குறைந்த கனல் கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்து ரோலிங் மில்களில் பில்லட் என்னும் இரும்புக் கட்டையைக் கம்பியாக உருட்டுவதற்கு முன் ஃபர்னஸில் 1,100 முதல் 1,200 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்ற வேண்டும். அங்கும் பாடு காற்றோடுதான். காற்று கூடினால், வேலையில்லாத காற்றெல்லாம் சூடேறிப் புகைபோக்கி வழியாக வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகும். குறைந்தால் எரிபொருள் முழுதாக எரியாமல் புகையும். உலைக்குள் அழுத்தம் வெளியைவிட இம்மியளவு கூடுதலாக இருந்தால்தான் கதவு இடுக்கில் குளிர்காற்று நுழையாது. அதற்குப் புகைபோக்கியில் டேம்பர் என்னும் தடுப்புத் தகடு. குமுட்டியின் வாயை ஓட்டாஞ்சில்லால் பாதி மூடுவதும் இதே வேலைதான், இடம் மட்டும் வேறு.

கடினம் எங்கே என்றால், வெப்பம் சொன்னவுடன் கேட்பதில்லை. விசிறியதும் கனல் சிவக்கும், ஆனால் பாத்திரம் பிறகுதான் கொதிக்கும். வாயை அடைத்த பின்னும் கொதி நிற்காது, மண்பூச்சு வாங்கி வைத்த சூட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். குளிர்நாட்டு வீட்டின் சுவரும் மில்லின் உலைச்சுவரும் இப்படியே. அதனால்தான் பொறியாளர்கள் உள்ளே வரும் வெப்பம், இரும்பு வாங்கியது, சுவர் தேக்கியது, புகையோடு போனது எல்லாவற்றையும் சமன்பாடாக எழுதி, கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டு உலையில் கைவைக்கிறார்கள். இப்போதைய சூட்டை மட்டும் பார்த்து எரிபொருளைக் கூட்டிக் குறைத்தால் குறியைத் தாண்டிப் போய்த் திரும்பி வரவேண்டும், அத்தனையும் வீண்செலவு. சூடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதையும் பார்த்து முன்கூட்டியே அடக்க வேண்டும்.

அந்த உலையின் கடைசிப் பகுதிக்குச் சோக்கிங் ஜோன் என்று பெயர். பில்லட்டின் மேற்பரப்பும் நடுப்பகுதியும் ஒரே சூட்டுக்கு வரும்வரை அங்கே நிறுத்தி வைப்பார்கள். ஊறல் என்று மொழிபெயர்த்தால் தண்ணீர் நினைவுக்கு வரும், இரும்பு வராது. குமைவுப் பகுதி என்று சொல்லிப் பார்க்கலாம். ஆரம்பாக்கத்துத் தெலுங்குக்காரருக்கும் அது பாதி புரிந்துவிடும்.