ஒரே மலையில் இரண்டு வரிகள்

உள்ளூர்ச் சரக்குக்கு வரி விதித்தால், வெளியிலிருந்து வாங்கும் சரக்குக்கும் வரி விதிக்க வேண்டும்; இல்லையேல் உள்ளூரான் கெடுவான். அமெரிக்க மாநிலங்கள் இன்றும் பேசும் இந்த நியாயத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கை அரிசியின்மீது நடத்திப் பார்த்தது. உள்நாட்டு நெல்லுக்குத் தானிய வரி. கடல் கடந்து வந்த அரிசிக்குச் சுங்கத் தீர்வை. ஒன்றுக்கொன்று ஈடு என்றார்கள்.

நுவரெலியா மாவட்டத்தில் இவ்விரு வரிகளும் அண்டை வீட்டாராய் இருந்தன. பள்ளத்தாக்கிலே சிங்களக் கிராமமும் வயலும். மேலே தமிழரின் லயங்கள். வலப்பனையில் 1880களில் தானிய வரிப் பாக்கிக்காக ஏழைகளின் வயல்கள் ஏலம் போயின. நிலமிழந்தோர் பட்டினியால் மாண்டதை உதவி அரசாங்க அதிபர் லெ மெசூரியரே எழுதினார். வெள்ளை அதிகாரி எழுதியதாலோ என்னவோ, அது லண்டன்வரை கேட்டது. தடையற்ற வாணிபம் பேசிய கோப்டன் கழகமும் குரல் கொடுத்தது. 1892இல், ஆளுநர் ஹவ்லொக் காலத்தில், தானிய வரி ஒழிந்தது. அந்த நீதியை நாம் குறைத்துப் பேசவில்லை. அது பிந்தி வந்ததே என்பதுதான் நம் வருத்தம்.

ஆனால் ஈடு என்று சொல்லப்பட்ட மற்ற வரி? அது அப்படியே நின்றது.

அதன் சுமை யார்மேல்? தோட்டத் தொழிலாளிக்கு வயல் இல்லை. அவன் உண்டது இந்தியாவிலிருந்து வந்த அரிசி. கொழும்பில் இறங்கி, 1884இல் அட்டனை எட்டிய ரயிலேறி, தோட்டத்து அரிசி அறைக்கு அது வந்து சேரும். கொழுந்து பறித்தவள் அதைச் சந்தையில் விலை பேசி வாங்கவில்லை. தோட்டமே அளந்து கொடுத்தது. செக்ரோலில் எழுதிச் சம்பளத்திலே பிடித்துக்கொண்டது. கொள்விலை, ஏற்றுகூலி, தீர்வை எல்லாம் அந்த ஒரே பற்றில் கலந்துபோயின. வயற்காரனுக்கு வரி கேட்க ஆள் வந்து நின்றான். அவனைத் திட்டவாவது முடிந்தது. லயத்துக்காரி வரியின் முகத்தையே பார்த்ததில்லை. ஏலம் போட அவளிடம் நிலமும் இல்லை, ஆகவே அறிக்கை எழுதவும் எவருமில்லை. சட்டசபையிலோ துரைமாருக்கு ஓர் உறுப்பினர் உண்டு, தொழிலாளருக்கு இல்லை.

அரிசி விலை ஏறியபோது நட்டத்தைத் தோட்டமே தாங்கியது என்று துரைமார் சொல்வதுண்டு. சிற்சில இடங்களில் அது மெய்தான். ஆயினும் அந்த மலிவரிசியைக் கூலியின் ஒரு பகுதியென்றே அவர்கள் கணக்குப் பார்த்தார்கள் அல்லவா?

தானிய வரி ஒழிந்து முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றபின், 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. நாட்கூலியோடு, தோட்டம் வழங்கும் அரிசிக்கும் அது ஓர் உச்ச விலையை வகுத்தது. அப்போதும் அரிசிப் பற்று முதலில் கழிந்தது. மிச்சமே கைக்கு வந்தது.