தார்ன்டன் டயல்: பழைய இரும்பிலிருந்து ஓர் ஓவியர்

தார்ன்டன் டயல் எந்த ஓவியப் பள்ளியிலும் படித்தவர் அல்ல. 1928-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். பெஸ்ஸமர் நகரில், புல்மன் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் சுமார் 30 வருடங்கள் உழைத்தார். இரும்பு வேலை அங்கேதான் கைவந்தது.

1981-ல் தொழிற்சாலையை மூடினார்கள். வேலை போனது, கைத்தொழில் போகவில்லை! பிறர் தூக்கி எறிந்த கம்பி, கயிறு, கந்தல், கம்பளம் எல்லாம் அவர் கையில் ஓவியமாகவும் சிற்பமாகவும் மாறின. கறுப்பின மக்களின் போராட்டத்தைப் புலியாக வரைந்தார்.

1987-ல் வில்லியம் ஆர்னெட் என்ற சேகரிப்பாளர் தேடி வந்தபோது டயல் அறுபதை நெருங்கிவிட்டார். 1993-ல் நியூயார்க்கில் இரண்டு அருங்காட்சியகங்களில் ஒரே நேரத்தில் கண்காட்சி. ஆனாலும் 'நாட்டுப்புறக் கலைஞர்' என்ற முத்திரை விடவில்லை. 2014-ல் அவருடைய 10 படைப்புகள் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அதையும் பார்த்துவிட்டுத்தான் 2016 ஜனவரியில் கண்மூடினார்.