பதினாறு வயதில் வந்த பையன்

வளரிளம் பருவ உளவியலைக் கல்லூரியில் நடத்தும்போது, பாடநூல் ஜி. ஸ்டான்லி ஹாலில்தான் தொடங்கும். அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். 1904இல் அவர் வெளியிட்ட இரண்டு பெரிய தொகுதிகள்தாம் இந்தப் பருவத்தைத் தனி ஆய்வுத்துறையாக நிறுத்தின. அவரிடம் படித்த எட்வின் ஸ்டார்பக் 1890களிலேயே வினாத்தாள் அனுப்பி, இறைவன் பக்கம் மனம் திடீரென்று திரும்புவது எந்த வயதில் என்று விசாரித்தார். 10 வயதுக்கும் 25க்கும் இடையில், ஆண்பிள்ளைகளுக்கு 16இல் உச்சம் என்று 1899இல் எழுதினார். பதில் அனுப்பியவர்கள் பெரும்பாலும் அமெரிக்கப் புராட்டஸ்டண்டுகள்.

அந்த வினாத்தாள்கள் அங்கே போய்வந்துகொண்டிருந்த காலத்தில்தான் எங்கள் திருவண்ணாமலை ரயில் நிலையத்தில் 16 வயதுப் பையன் ஒருவன் வந்து இறங்கினான். 1896 செப்டம்பர் 1. ஊரில் எல்லோரும் பகவான் என்போம், நானும்தான். ரமண மகரிஷியாக ஆவதற்கு முந்தைய பிள்ளையைப் பார்க்க விரும்புவதால் இங்கே வெங்கடராமன் என்றே எழுதுகிறேன்.

வெங்கடராமனின் அப்பா 1892இல் இறந்துபோனார். மதுரையில் சித்தப்பா வீடு, அமெரிக்கன் மிஷன் பள்ளிக்கூடம். 1896 ஜூலையில் ஒரு நாள், உடம்புக்கு ஒன்றுமில்லாதபோதே சாகப்போகிறோம் என்ற பயம் பிடித்தது. பிணம்போல விறைத்துப் படுத்து, சாவது எது என்று தனக்குள்ளே பார்த்தான். அதற்குப் பிறகு பாடத்திலும் விளையாட்டிலும் பிடிப்பு விட்டுப்போயிற்று. ஆகஸ்ட் 29ஆம் தேதி, ஆங்கில இலக்கணத்தை மூன்று முறை எழுதும் தண்டனையைப் பாதியில் வைத்துவிட்டுக் கண்மூடி உட்கார்ந்திருந்தவனை அண்ணன் நாகசாமி கடிந்துகொண்டார். பள்ளியில் சிறப்பு வகுப்பு இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினான். அப்படியானால் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துப்போய் என் கல்லூரிச் சம்பளத்தையும் கட்டிவிடு என்றார் அண்ணன்.

வகுப்பில் இந்த இடத்தை நான் வேகமாகக் கடப்பதில்லை. ஐந்தில் மூன்றைத்தான் எடுத்துக்கொண்டான். மீதி இரண்டைக் கடிதத்தோடு வைத்து, சம்பளம் கட்டவில்லை என்பதையும் எழுதினான். வீட்டையே உதறிப் போகிறவனுக்கு அண்ணன் படிப்பைப் பற்றிக் கவலை இருந்திருக்கிறது. பழைய வரைபடம் ஒன்றைப் பார்த்துத் திண்டிவனம்தான் பக்கம் என்று நினைத்து, இரண்டு ரூபாய் பதின்மூன்று அணாவுக்குச் சீட்டு எடுத்தான். விழுப்புரத்தில் வண்டி மாற வேண்டுமென்று வழியில் தெரிந்தது. காசு தீர்ந்ததும் நடந்தான். கீழூரில் கடுக்கனை அடகு வைத்தான். வாழ்க்கை வரலாறுகள் இதையெல்லாம் ஞானத்துக்குப் போகும் வழியாகவே சொல்கின்றன. எனக்கோ, வழி தெரியாத ஒரு பிள்ளையின் பசியும் இதில் தெரிகிறது. அதைப் பார்ப்பதால் பகவானுக்கு ஒரு குறையும் இல்லை.

இந்தியாவில் வளரிளம் பருவம் என்று ஒன்று உண்டா என்று பரோடாவின் ஆய்வாளர் டி.எஸ். சரஸ்வதி 1999இல் கேட்டார். படிப்பு நீளும் வசதியான வீடுகளில்தான், அதுவும் ஆண்பிள்ளைகளிடம்தான், அது துலக்கமாகத் தெரிகிறது என்பது அவர் வாதம். தேர்வும் ஆங்கில இலக்கணமுமாக இருந்த வெங்கடராமன் வீட்டுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது.

இங்கே கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்தவன்மேல் ஊர்ப் பையன்கள் கல்லெறிந்தார்கள். அவர்களும் அவனை ஒத்த பருவத்துப் பிள்ளைகள்தாம். அவர்களிடமிருந்து தப்ப, நிலத்தடியில் உள்ள பாதாள லிங்கச் சன்னதிக்கு இறங்கினான். அங்கே பூச்சி கடித்துத் தொடை புண்ணாயிற்று. காப்பாற்ற முயன்றவர் சேஷாத்ரி சுவாமிகள் என்ற துறவி. அவரே 1889இல், 19 வயதில் இந்த ஊருக்கு வந்தவர். ஒரு முறை வீட்டை விட்டு வந்தவருக்கு இன்னொரு பிள்ளையின் நிலை புரிந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். இன்று அப்படி ஒரு பையன் தனியாகக் கிடைத்தால், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். அந்தச் சட்டம் வேண்டும் என்று வாதிடுகிறவள் நான். ஆனால் மண்டபமும், சோறு கொடுத்த கைகளும், பேசாதவனைப் பேசச் சொல்லி வற்புறுத்தாத பெரியவர்களும் அன்று செய்ததை ஒரு குழுவால் மட்டும் செய்துவிட முடியாது.

அம்மா அழகம்மாள் 1898இல் அவன் இருந்த பவழக்குன்றுக்கு வந்து நாள்கணக்கில் அழுது அழைத்தார். மகன் தாளில் எழுதிக் கொடுத்த பதிலோடு திரும்பிப் போனார். 1916இல் மகனோடு இருந்துவிட வந்தார். 1922இல் காலமானார். அவர் சமாதியைச் சுற்றியே ரமணாசிரமம் எழுந்தது. ஸ்டார்பக்குக்குப் பதில் எழுதியவர்கள் மனம் திரும்பியவர்கள். பிள்ளை போன வீட்டில் அம்மாக்களுக்கு அந்த ஆண்டுகள் எப்படிக் கழிகின்றன என்பதை ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொள்ளும்படி என் மாணவிகளிடம் கேட்டுவருகிறேன்.